ஆறு கிழமைப் பிளாஸ்டரும் நாலு வருசச் சப்பாத்தும்

(கடந்த மாதம் லண்டனில் நடந்த எமது கலந்துரையாடலில் தோழர் ஒருவர் ஆற்றிய உரை. பேச்சு நடையை அதிகம் மாற்றாமல் தருகிறோம்.)



பிறவிக் குறைபாட்டோட பிறக்கிற ஏழைப் பிள்ளைகளின் வைத்தியத்துக்கு நடைபவனி வைத்துக் காசு சேர்ப்பமா, வேண்டாமா என்ற கதை எங்கட குழுவில் மூன்று மாதமாக இழுபடுது. ஒரு பக்கத்து ஆக்கள் சொல்லுகினம்: "தானம் குடுத்துக் குடுத்துத்தான் அரசாங்கங்கள் தப்பிக்குது. நாங்கள் உரிமை கேக்கிற ஆக்கள், உண்டியல் குலுக்கிற ஆக்கள் இல்லை." மற்றப் பக்கம் கேக்குது: "சரி, நீங்கள் அரசாங்கத்தை மாத்தி முடிக்கும்வரைக்கும் அந்தப் பிள்ளை என்ன செய்யிறது?" ரெண்டு பக்கமும் நியாயம் இருக்கு. ஆனால் ரெண்டு பக்கமும் பொதுவாகவே கதைச்சுக்கொண்டு இருக்கிறம். அதனால் நான் ஒரேயொரு குறைபாட்டை எடுக்கப் போறன். அதுக்கு என்ன வைத்தியம், எவ்வளவு காலம், யார் செய்யினம், காசு எந்த இடத்தில் தேவைப்படுது என்று படிப்படியாகப் பார்ப்பம். அதுக்குப் பிறகு முடிவெடுப்பம்.

நான் எடுக்கிறது வளைபாதம். ஆங்கிலத்தில் கிளப் ஃபுட் என்பார்கள். நான் இங்கே ஒரு பொது வைத்தியசாலையில் பிசியோதெரபிஸ்டாக வேலை செய்யிறன். கிழமையில் ஒரு நாள் இந்தப் பிள்ளைகளைத்தான் பார்க்கிறது. அதனால் இது எனக்குக் கைப்பழக்கமான விசயம்.

பிறக்கும்போதே பாதம் உள்பக்கமாகத் திரும்பி, குதிக்கால் மேலே இழுபட்டு, உள்ளங்கால் மற்றக் காலைப் பார்த்தபடி இருக்கும். ஆயிரம் பிள்ளைகள் பிறந்தால் ஒன்று அல்லது இரண்டு பிள்ளைக்கு இப்படி இருக்கும். பெண் பிள்ளைகளைவிட ஆண் பிள்ளைகளுக்கு ஏறத்தாழ இரண்டு மடங்கு. பாதிப் பேருக்கு இரண்டு காலிலும். உலகம் முழுக்க ஆண்டுக்கு ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள். அவர்களில் பத்துக்கு எட்டுப் பேர் வறிய நாடுகளிலும் நடுத்தர வருமான நாடுகளிலும் பிறக்கிறார்கள். பெரும்பாலான பிள்ளைகளுக்கு வேறு ஒரு குறையும் இருக்காது.

வைத்தியம் கிடைக்காவிட்டால் பிள்ளை பாதத்தின் வெளி ஓரத்திலோ புறங்காலிலோ நடக்கப் பழகும். அந்த இடத்துத் தோல் தடித்துக் காய்க்கும், வெடிக்கும், நோகும். கடையில் விற்கிற சப்பாத்து எதுவும் கொள்ளாது. பள்ளிக்கூடம் இரண்டு மைல் தள்ளி இருந்தால், மழைக்காலத்தில் அந்த இரண்டு மைலே பள்ளிக்கூடத்தை நிறுத்தப் போதும். வளர்ந்த பிறகு நின்று செய்கிற வேலை, சுமக்கிற வேலை எல்லாம் கஷ்டம். ஏழை வீட்டுப் பிள்ளைக்கு வேறு என்ன வேலை காத்திருக்கு? கால் வளைந்திருப்பதால் வறுமை வருது, வறுமையால் கால் வளைந்தபடியே இருக்குது.

இப்ப வைத்தியத்துக்கு வருவம். பிறந்து முதல் சில கிழமைக்குள் தொடங்குவது நல்லது. அந்த வயதில் மூட்டுகளைக் கட்டி வைத்திருக்கிற இழைகள் இளகினதாக இருக்கும். பிசியோதெரபிஸ்ட் பாதத்தைக் கையால் மெதுவாகத் திருப்பிப் பிடிப்பார். பிடித்த நிலையிலேயே கால்விரலில் இருந்து தொடை வரைக்கும் பிளாஸ்டர் கட்டு. தமிழ்நாட்டில் மாவுக்கட்டு என்பார்கள். ஒரு கிழமையில் அதைக் கழற்றி, இன்னும் கொஞ்சம் திருப்பி, திரும்பவும் கட்டு. பெரும்பாலும் ஐந்து அல்லது ஆறு கட்டில் பாதம் நேராகிவிடும். குதிக்கால் மட்டும் கீழே இறங்காமல் நிற்கும். அதற்காக, அநேகமான பிள்ளைகளுக்கு, குதிக்கால் தசைநாணில் ஒரு சின்ன வெட்டு. அந்த இடத்தை மட்டும் மரக்கப் பண்ணி, சில நிமிடத்தில் முடிகிற வேலை. பிறகு மூன்று கிழமைக்குக் கடைசிக் கட்டு. கட்டைக் கழற்றும்போது அது மற்றப் பிள்ளைகளின் கால் மாதிரித்தான் இருக்கும். தாய் தகப்பன் அழுவினம். போட்டோ எடுப்பினம்.

வைத்தியத்தின் பெரிய பகுதி அதுக்குப் பிறகுதான் தொடங்குது. பாதம் பழைய நிலைக்குத் திரும்பப் பார்க்கும். அதைத் தடுக்க இரண்டு சப்பாத்து, நடுவில் ஒரு கம்பி. முதல் மூன்று மாதம் ஒரு நாளைக்கு 23 மணித்தியாலம் போட வேணும். குளிக்கிற நேரம் மட்டும் விடுதலை. பிறகு இரவிலும் பகல் நித்திரையிலும், பிள்ளைக்கு நாலு அல்லது ஐந்து வயது ஆகும்வரை. பிள்ளை வளர வளரச் சப்பாத்து மாற்ற வேணும். தோல் உரிகிறதா என்று பார்க்க வேணும். சப்பாத்தைப் பாதியில் விட்ட பிள்ளைகளில் பெரும்பாலானவர்களுக்குப் பாதம் திரும்பவும் வளையுது.

இதை மனதில் வைச்சிருங்கோ. ஆறேழு கிழமை வேலைக்குக் காசு தர ஆள் இருக்கு. அதுக்குப் படமும் இருக்கு. நாலு வருச வேலைக்கு ஆள் கிடைக்கிறது குறைவு.

இந்த முறைக்குப் பெயர் பொன்செட்டி முறை. பேரைக் கேட்டால் கொழும்புச் செட்டியார் தெருவில் நகைக்கடை வைத்திருந்தவர் எண்டு நினைப்பியள். இக்னாசியோ பொன்செட்டி ஸ்பெயின்காரர். 1914 இல் மெனோர்க்கா தீவில், கடிகாரம் திருத்துகிற ஒருவரின் மகனாகப் பிறந்தவர். பார்சலோனாவில் மருத்துவம் படித்து முடிக்கிற நேரம், 1936 ஜூலையில், பிராங்கோவின் கிளர்ச்சியோடு உள்நாட்டுப் போர் வெடித்தது. அவர் குடியரசுப் படையின் மருத்துவப் பிரிவில் சேர்ந்து, எலும்பு முறிந்து வந்தவர்களுக்கு வைத்தியம் செய்தார். 1939 இல் குடியரசு தோற்றபோது, ஆம்புலன்ஸ் இல்லாத நிலையில் கடத்தல்காரர்களின் உதவியோடு, காயப்பட்டவர்களைக் கோவேறு கழுதைகளில் ஏற்றிப் பிரெனே மலையைக் கடந்து பிரான்சுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தார். அந்தக் குளிர்காலத்தில் ஏறத்தாழ ஐந்து லட்சம் பேர் அந்த எல்லையைக் கடந்தார்கள். கனபேரைக் கடற்கரை மணலில் முள்ளுக்கம்பிக்குள் வைத்திருந்தார்கள். எங்களுக்குப் புதிசாக விளங்கப்படுத்த வேண்டிய கதை இல்லை. பொன்செட்டி அங்கிருந்து மெக்சிக்கோ போய் ஒரு சிற்றூரில் குடும்ப வைத்தியராக இருந்தார். 1941 இல் அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்துக்குப் போனார்.

அயோவாவில், அதுவரைக்கும் வளைபாதத்துக்கு அறுவைச் சிகிச்சை செய்த பழைய நோயாளிகளைத் திருப்பிப் பார்க்கிற வேலை அவருக்கு வந்தது. வெட்டின பாதங்கள் விறைத்து, பலமிழந்து, நோவோடு இருந்தன. அதைக் கண்ட பிறகுதான் 1940களின் கடைசியில் வெட்டைக் குறைத்து, கையாலும் பிளாஸ்டராலும் திருத்துகிற முறையை உருவாக்கினார். 1963 இல் முடிவுகளை வெளியிட்டார். கனபேர் திரும்பியும் பார்க்கவில்லை. பெரிய அறுவைச் சிகிச்சைதான் அந்தக் காலத்துப் பெருமை. மேசையில் இருந்து பிளாஸ்டர் கட்டுகிறதுக்கு என்ன மதிப்பு? 1995 இல், அவரிடம் சிறுவயதில் வைத்தியம் பெற்றவர்களை 30 வருசத்துக்கு மேல் கழித்து மீண்டும் சோதித்த ஆய்வு வந்தது. 45 பேரில் 78 வீதமானவர்களின் பாதம் நல்ல அல்லது மிக நல்ல நிலையில் இருந்தது. பாதத்தில் குறையே இல்லாமல் பிறந்தவர்களில் அதே அளவுகோலில் வந்த எண்ணிக்கை 85 வீதம். வித்தியாசம் அவ்வளவுதான்.

அதுக்குப் பிறகும் முறையை உலகம் முழுக்கக் கொண்டுபோனதில் தாய் தகப்பன்மாருக்குப் பெரிய பங்கு உண்டு. 1990களின் கடைசியில் இணையத்தில் ஒருத்தரை ஒருத்தர் கண்டுபிடித்து, தங்கள் பிள்ளைகளின் காலைக் காட்டி, "வெட்டாமல் செய்யலாமாம், நீங்கள் ஏன் செய்யிறீங்கள் இல்லை?" என்று தங்கள் வைத்தியர்களிடம் கேட்கத் தொடங்கினார்கள். நோயாளிகள் ஒன்றுசேர்ந்து கேள்வி கேட்டதால் ஒரு துறையே வழக்கத்தை மாற்றியது. பொன்செட்டி 2009 இல், 95 வயதில் இறக்கும்போது அவருடைய முறை உலகத்தின் பொது வழக்கமாகிவிட்டது.

இப்ப உகாண்டாவுக்குப் போவம். எங்கட கேள்விக்குப் பதில் அங்கதான் இருக்கு. 1972 இல் இடி அமீன் தெற்காசிய வம்சாவளி மக்களை 90 நாளில் வெளியேறச் சொன்னது உங்களுக்குத் தெரியும். இந்த லண்டனிலும் லெஸ்டரிலும் அவர்களின் பிள்ளைகள் இருக்கினம். அந்தச் சமூகத்தில், உகாண்டாவில் பிறந்தவர் ஷஃபீக் பிரானி. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் எலும்பு வைத்திய நிபுணர். பாதம் எவ்வளவு வளைந்திருக்கு என்பதைக் கண்ணாலும் கையாலும் பார்த்து 0 இலிருந்து 6 வரைக்கும் புள்ளி போடுகிற அளவுகோலை உருவாக்கியவர் அவர். எக்ஸ்ரே வேண்டாம், இயந்திரம் வேண்டாம்.

பிறந்த நாட்டுக்கு அவர் திரும்பிப் போனபோது, இரண்டு கிழமை நின்று இருநூறு காலுக்கு வைத்தியம் செய்துவிட்டு விமானம் ஏறியிருக்கலாம். அப்படிச் செய்யவில்லை. 2004 முதல் 2010 வரைக்கும் கனடா அரசின் உதவிப் பணத்தில், பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகமும் மக்கெரெரே பல்கலைக்கழகமும் உகாண்டா சுகாதார அமைச்சும் சேர்ந்து ஒரு திட்டம் நடத்தின. அங்கே எலும்பு வைத்திய நிபுணர்கள் மிகக் குறைவு. ஆகவே மருத்துவப் பட்டம் இல்லாத எலும்பியல் அலுவலர்களுக்குப் பிளாஸ்டர் கட்டப் பயிற்சி கொடுத்தார்கள். பிள்ளை பிறந்த உடனேயே காலைப் பார்க்கத் தாதிமாருக்கும் மருத்துவிச்சிகளுக்கும் சொல்லிக் கொடுத்தார்கள். மருத்துவ, தாதியர் கல்லூரிகளின் பாடத்திட்டத்திலேயே இதைச் சேர்த்தார்கள். கிளினிக்குகள் அரசாங்க ஆஸ்பத்திரிக்கு உள்ளேயே நடந்தன.

சப்பாத்துக்கு என்ன செய்தார்கள்? வெளிநாட்டில் இருந்து இறக்கினால் அந்த நாட்டுக்குக் கட்டாது. மிக்கீல் ஸ்டீன்பீக் என்ற தொழில்நுட்பர், உள்ளூர்த் தோலையும் சாதாரண இரும்பையும் கொண்டு, உள்ளூர்ப் பட்டறையிலேயே செய்யக்கூடிய ஒரு சப்பாத்தை உகாண்டாவில் வடிவமைத்தார். சின்னதானால் அடுத்த அளவு அதே பட்டறையில் கிடைக்கும். ஸ்டீன்பீக் பட்டை என்ற பெயரில் அது வேறு நாடுகளுக்கும் போயிருக்கு. நாலு வருசத்து வேலையை நாட்டுக்குள்ளேயே வைத்திருக்க வழி செய்தது அந்தப் பட்டறை.

வளைபாதம் லேசானது, மற்றக் குறைபாடுகளுக்கு இது பொருந்துமா என்று கேட்பீர்கள். உதட்டுப் பிளவு, அண்ணப் பிளவை எடுப்பம். தர்ம வைத்தியத்தில் மிகப் பிரபலமானது அதுதான். ஒரு அறுவைச் சிகிச்சை, முன்னும் பின்னும் இரண்டு படம். ஒபரேஷன் ஸ்மைல் என்ற அமைப்பு 1982 இல் பிலிப்பைன்ஸுக்குப் போன ஒரு மருத்துவப் பயணத்தில் இருந்து பிறந்தது. வந்த பிள்ளைகளில் பெரும்பாலானவர்களுக்கு அந்த முறை வைத்தியம் செய்ய ஏலாமல் திருப்பி அனுப்ப வேண்டி வந்தது. 1999 இல் தொடங்கிய ஸ்மைல் டிரெயின் வேறு வழியை எடுத்தது: வெளியில் இருந்து வைத்தியர்களைக் கொண்டுபோகாமல், அந்தந்த நாட்டு அறுவைச் சிகிச்சை நிபுணர்களுக்கும் ஆஸ்பத்திரிகளுக்கும் காசு கொடுப்பது. ஒபரேஷன் ஸ்மைலும் பிறகு அசாம் அரசோடு சேர்ந்து, 2011 இல் குவாஹாட்டியில் ஒரு அரசாங்க ஆஸ்பத்திரிக்குள் நிரந்தர மையம் திறந்தது. பயணக் குழுக்களின் எல்லையை அந்த அமைப்புகளே கண்டுகொண்டன என்றுதான் நான் இதை விளங்கிக்கொள்ளுறன்.

ஏனென்றால் இங்கேயும் வெட்டித் தைப்பது இடையில் வருகிற ஒரு நாள் மட்டும்தான். அண்ணம் பிளந்த பிள்ளைக்கு முலை உறிஞ்ச ஏலாது. சத்திர சிகிச்சைக்கு வேண்டிய நிறை வரும்வரைக்கும் பிள்ளை உயிரோடு இருக்க வேணும். தாய்க்குப் பால் கறந்து, சங்கிலோ பாலாடையிலோ கொஞ்சம் கொஞ்சமாக ஊட்டச் சொல்லிக் கொடுக்க ஒரு தாதி வேணும். எங்கட பாட்டிமார் வைத்திருந்த அதே சங்குதான். பிறகு உதட்டுக்கு ஒரு சிகிச்சை, அண்ணத்துக்கு ஒரு சிகிச்சை, காதில் சீழ் கட்டாமல் பார்க்கிறது, பல் வரிசை, எட்டுப் பத்து வயதில் முரசு எலும்பு. எல்லாத்துக்கும் மேலாகப் பேச்சுப் பயிற்சி. அண்ணம் தைத்த பிள்ளை, பயிற்சி இல்லாவிட்டால் மூக்கால் கதைக்கும். வகுப்பில் வாய் திறக்காது.

இந்த இடத்தில் தமிழ்நாட்டில் நடந்த ஒரு வேலையைச் சொல்ல வேணும். சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா மருத்துவப் பல்கலைக்கழகத்தின் பேச்சுப் பயிற்சித் துறையினர், திருவண்ணாமலை, கடலூர் மாவட்டங்களில் உள்ளூர் ஆட்களுக்கே பயிற்சி கொடுத்து, அவர்கள் பிளவோடு பிறந்த பிள்ளைகளைத் தேடிப்போய்ப் பேச்சுப் பயிற்சி கொடுக்கிற ஏற்பாட்டைச் செய்தார்கள். டொரொன்டோவைச் சேர்ந்த டிரான்ஸ்ஃபோர்மிங் ஃபேசஸ் என்ற தொண்டு நிறுவனம் அதுக்குத் துணை நின்றது. தமிழில் பேச்சுப் பயிற்சி கொடுக்கத் தமிழ் கதைக்கிற ஆள் வேணும். லண்டனில் இருந்து இரண்டு கிழமைக்குப் போகிற நிபுணரால் அது ஏலாது.

அடுத்தது, அந்தப் படங்களைப் பற்றி. எங்கட சனத்திடம் உதட்டுப் பிளவு எண்டால் முதலில் வருகிற கதை கிரகணம். "கிரகணத்தில வெளிய போனவள்", "மரக்கறி வெட்டினவள்." கால் வளைந்தால் முற்பிறப்பு, சாபம், பார்த்த பார்வை. கதை எதுவானாலும் குற்றவாளி தாய்தான். கிரகணத்துக்கும் உதட்டுக்கும் ஒரு தொடர்பும் இல்லை என்பதை முதல் நாளே அந்தத் தாய்க்கும், அவவின் மாமியாருக்கும் சேர்த்துச் சொல்லுகிறதும் வைத்தியத்தின் ஒரு பகுதி. இப்ப நாங்கள் அந்தப் பிள்ளையின் படத்தை எடுத்து, "உங்கள் 20 பவுண்ட்ஸ் இவளின் வாழ்க்கையை மாற்றும்" என்று போட்டால் என்ன செய்யிறம்? ஊர் குற்றம் சொன்ன குடும்பத்தை உலகத்துக்குக் காட்டுகிறம். அந்தப் பிள்ளை பதினாறு வயதில் தன்ர பேரை இணையத்தில் தேடும்போது அந்தப் படம் அங்கே இருக்கும்.

இனி அரசாங்கம். இலங்கையில் அரச வைத்தியசாலையில் சிகிச்சை இலவசம். அது சும்மா கிடைத்தது இல்லை. சர்வசன வாக்குரிமைக்குப் பிறகு சனம் கேட்டு வாங்கினது, கட்டிக் காத்தது. 2022 நெருக்கடியில் மருந்து இல்லாமல், திட்டமிட்டிருந்த சத்திர சிகிச்சைகள் பல இடங்களில் தள்ளிப் போடப்பட்டன. வைத்தியர்கள் கூட்டமாக நாட்டை விட்டு வெளிக்கிட்டார்கள். இந்தியாவில் 2013 இல் தேசியச் சிறார் நலத் திட்டம் ஒன்று வந்தது. பிறப்பு முதல் 18 வயது வரை, 30 வகைக் குறைபாடுகளையும் நோய்களையும் தேடிக் கண்டுபிடித்து இலவசமாக வைத்தியம் செய்ய வேணும் என்கிறது திட்டம். அந்தப் பட்டியலில் வளைபாதமும் பிளவும் பிறவி இருதயக் கோளாறும் இருக்கு. அங்கன்வாடிக்கும் பள்ளிக்கும் குழு வர வேணும், மாவட்டத்துக்கு ஒரு மையம் வேணும் என்று எழுதியிருக்கு. அதாவது உரிமை காகிதத்தில் இருக்கு. கியூர் இந்தியா போன்ற அமைப்புகள் செய்தது, அரசாங்க ஆஸ்பத்திரிக்குள்ளேயே கிழமைக்கொரு வளைபாதக் கிளினிக் நடத்தவும், சப்பாத்துக் கொடுக்கவும், வராமல் விட்ட தாயைக் கூப்பிட்டுக் கதைக்கவும் ஆள் வைத்தது.

உரிமை இலவசமாக இருந்தாலும் போய்ச் சேர காசு வேணும். ஒரு தோட்டத்தில் கொழுந்து பறிக்கிற தாயை யோசியுங்கோ. ஆறு கிழமைக்கு, கிழமைக்கொரு நாள் பட்டினத்துக்குப் போக வேணும். போன நாளுக்குச் சம்பளம் இல்லை. பஸ் காசு, சாப்பாட்டுக் காசு, வீட்டில் மற்றப் பிள்ளையைப் பார்க்க ஆள். சிகிச்சைக்கு ஒரு சதமும் வாங்காத ஆஸ்பத்திரியிலும் அவ நாலாவது கட்டோடு நின்றுபோகலாம்.

ஆகவே என்ர நிலைப்பாடு இதுதான். உரிமையா தானமா என்ற கேள்வியைவிட, இந்தக் காசு போய் நிற்கிற இடம் எது என்ற கேள்வி பிரயோசனமானது. ஒரு காசு பொது ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் இன்னொரு கூடாரம் அடிச்சு, படம் எடுத்து, சாமானைக் கட்டிக்கொண்டு போனால் அது உரிமையைப் பலவீனப்படுத்தும். அதே காசு பொது ஆஸ்பத்திரியின் கிளினிக்குக்குள் ஒரு ஆளையும் ஒரு பட்டறையையும் ஒரு பஸ் டிக்கெட்டையும் வைத்தால், சனம் அந்தக் கிளினிக்கைத் தங்கட எண்டு நினைக்கப் பழகும். பழகின கிளினிக்கை மூடினால் சத்தம் போடுவினம். பிள்ளையின் எலும்பு எங்களுக்காகக் காத்திருக்காது. காசு சேர்க்கிறதில் எனக்குக் கூச்சம் இல்லை. ஆனால் நாலு கேள்விக்குப் பதில் சொல்லாத அமைப்புக்கு ஒரு பவுண்டும் கொடுக்கக் கூடாது.

முதலாவது: கட்டோ தையலோ முடிந்த பிறகு நாலு வருசத்துக்கு அந்தப் பிள்ளையை யார் பார்ப்பினம்? ஆளின் வேலை என்ன, எந்த ஊரில் இருக்கிறார் என்று சொல்ல வேணும்.

இரண்டாவது: எத்தனை பிள்ளைக்குச் சிகிச்சை தொடங்கினீர்கள் என்பதோடு, எத்தனை பேர் இரண்டு வருசம் கழித்தும் சப்பாத்துப் போடுகினம், எத்தனை பேர் பேச்சுப் பயிற்சிக்கு வருகினம் என்று கணக்கு வைத்திருக்கிறீர்களா?

மூன்றாவது: வேலை செய்கிறவர்கள் அந்த ஊர் ஆட்களா, அவர்களுக்கு ஒழுங்கான சம்பளம் இருக்கா, அரசாங்கக் கிளினிக்கோடு சேர்ந்து நடக்கிறதா?

நாலாவது: பிள்ளையின் முகத்தைக் காட்டாமல் உங்களால் காசு கேட்க முடியுமா?

இனி நாங்கள் இருக்கிற நாட்டுக்கு வாறன். உகாண்டாத் திட்டம் கனடாவின் வரிப் பணத்தில் நடந்தது என்று சொன்னேன். பிரித்தானியா 2021 இல் வெளிநாட்டு உதவியைத் தேசிய வருமானத்தின் 0.7 வீதத்தில் இருந்து 0.5 ஆகக் குறைத்தது. 2027 இல் 0.3 ஆக்கப் போவதாக 2025 பெப்ரவரியில் அறிவித்தது. மிச்சம் பிடிக்கிற காசு பாதுகாப்புச் செலவுக்கு. எங்கட நடைபவனி எத்தனை வருசம் நடந்தாலும் அந்த ஓட்டையை அடைக்காது. மற்றது, இங்கத்தைய ஆஸ்பத்திரிகள் ஓடுகிறதே வறிய நாடுகளில் படித்த தாதிமாரையும் வைத்தியரையும் வைத்துத்தான். சுகாதார ஊழியர்களை ஆட்சேர்ப்பது பற்றி உலக சுகாதார அமைப்பு 2010 இல் ஒரு ஒழுக்கக்கோவை கொண்டுவந்தது. அதில் ஆளை இழக்கிற நாட்டுக்கு ஈடாக உதவி செய்வது பற்றியும் பேசியிருக்கு. வந்த தொழிலாளியை நான் குறை சொல்லவில்லை, நாங்களும் வந்தவர்கள்தான். படிப்பித்த நாட்டுக்கு வாங்கின நாடு என்ன திருப்பிக் கொடுக்குது என்று எங்கட எம்பிமாரைக் கேட்கிற வேலை எங்களுடையது.

இன்னொன்று. எல்லாப் பாதமும் நேராகாது. பிந்தி வருகிற பிள்ளைகள் இருக்கினம், வைத்தியத்துக்கு மடங்காத கால்கள் இருக்கு, முதுகெலும்புக் கோளாறோடு சேர்ந்து வருகிற வளைபாதம் இருக்கு. கால் திருந்தினால்தான் பள்ளிக்கூடம், வேலை, மரியாதை என்று நாங்கள் பிரசாரம் செய்தால், திருந்தாத பிள்ளைக்கு என்ன சொல்லுறம்? படி இல்லாத வாசல், ஏறக்கூடிய பஸ், கேலி செய்யாத வகுப்பு, அந்தப் பிள்ளைக்கும் வேணும். மாற்றுத்திறனாளிகள் அமைப்புகளைக் கேட்காமல் நாங்கள் ஒரு சொல் எழுதக் கூடாது.

என்ர முன்மொழிவைச் சொல்லி முடிக்கிறன். நடைபவனி வைப்பம். சேருகிற காசை ஒரு பொது ஆஸ்பத்திரிக் கிளினிக்கின் சப்பாத்துக்கும், பயணக் காசுக்கும், அழைத்துக் கதைக்கிற ஒரு ஆளின் சம்பளத்துக்கும் மட்டும் என்று எழுதிக் கொடுப்பம். ஒரு முறை கொடுத்து விடாமல், குறைந்தது நாலு வருசத்துக்கு ஒப்புக்கொள்ளுவம். ஏலாது என்றால் சின்னத் தொகையாக எடுப்பம், ஆனால் நாலு வருசம். பிள்ளைகளின் படம் இல்லை. சப்பாத்தின் படம் போடுவம். என்னிடம் ஒரு சோடி இருக்கு, இந்தா, கையில் வாங்கிப் பாருங்கோ. அதே நாளில், அதே துண்டுப் பிரசுரத்தில், உதவி வெட்டுக்கு எதிரான கோரிக்கையும் இருக்க வேணும்.

யாராவது நாலு வருசத்துக்குக் கணக்குப் பார்க்க முன்வர வேணும். கூட்டம் முடிகிறதுக்கு முதல் இரண்டு பேரின் பேர் எழுதினால் நல்லது.